தேநீருக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில்: புதிய ஆய்வுகள் நம் தோட்டங்களுக்கு எதைத் தருகின்றன?

கொட்டகலை ஆசிரியர்

இரும்பின் ஒரு வடிவமான பெரிக் அயனும், தேயிலை போன்ற தாவரங்களில் உள்ள பொலிபீனோல் என்ற துவர்ப்புப் பொருளும் சேரும்போது உண்டாகும் கருநீலச் சேர்வையை இங்குள்ள பலர் உயர்தர வகுப்பின் ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் எழுதும் மையாக இருந்த அந்தச் சேர்வை, இப்போது மருந்தைக் காவிச் செல்லும் பொருளாக ஆராயப்படுகிறது. 2013 இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோடகா எஜிமா, பிராங்க் கருசோ ஆகியோரின் குழு, தனிக் அமிலம் என்ற பொலிபீனோலையும் பெரிக் அயனையும் நீரில் கலந்தவுடனேயே, அந்த நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகளின் மேல் ஏறத்தாழ 10 நனோமீற்றர் தடிப்புள்ள படலம் தானாகப் படிவதை 'சயன்ஸ்' இதழில் காட்டியது. உள்ளிருக்கும் துணிக்கையைக் கரைத்து நீக்கிவிட்டால் வெறுங்கூடு எஞ்சும். அந்தக் கூடு நடுநிலை ஊடகத்தில் உறுதியாக நிற்கும். அமிலம் கூடிய இடத்தில் கலைந்துவிடும். மருந்தை ஓரிடத்தில் வைத்திருந்து வேறோரிடத்தில் விடுவிக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

அந்தப் பிணைப்பே நம் வீடுகளில் வேறொரு வேலையையும் செய்கிறது. தேயிலையின் பொலிபீனோல்கள் உணவிலுள்ள இரும்பையும் மாத்திரையிலுள்ள இரும்பையும் பிடித்துக்கொள்கின்றன; பிடிபட்ட இரும்பு குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவதில்லை. கோதுமை மா ரொட்டியும் தேநீரும் காலை உணவாக இருக்கும் தோட்டங்களில், குறிப்பாகக் கொழுந்து பறிக்கும் பெண்களிடையே, இரத்தசோகை பரவலாக இருப்பதற்கு இது ஒரேயொரு காரணம் இல்லை; ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய காரணமும் இல்லை.

நான் கேட்க வந்தது இதுதான். 2019 இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ரொபர்ட் லாங்கர், அனா ஜக்லெனெக் ஆகியோரின் குழு, இரும்பையும் விற்றமின்களையும் ஒரு பல்பகுதியத்தால் உறையிட்டு நுண்துணிக்கைகளாக்கியது. நடுநிலை நீரில் அந்த உறை கரைவதில்லை. இரண்டு மணிநேரம் கொதிக்கவைத்தாலும் உள்ளே இருப்பதைப் பெருமளவு காக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் உடனே கரைகிறது. மனிதரில் சோதித்த முதல் வடிவத்தில் இரும்பு போதிய அளவு உறிஞ்சப்படவில்லை. துணிக்கைக்குள் இரும்பின் பங்கைக் கூட்டித் திருத்திய பிறகு, வழக்கமான இரும்பு மாத்திரையில் உள்ள பெரசு சல்பேற்றின் உறிஞ்சலில் 89 வீதம் வரை எட்டியது. இப்படிப்பட்ட இரும்பை நமது கோதுமை மாவிலோ உப்பிலோ கலந்தால், தேநீரை மீறி அது உடலில் சேருமா?

மஸ்கெலியா மாணவி

நல்ல தலைப்பு, சேர். நான் பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிறேன். அம்மா இன்னும் மலைக்குப் போகிறார். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதுதான் எங்கள் லயத்தில் வழக்கம். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் அவசரத்தில் அடுப்பில் சூடாக இருப்பது அது மட்டுமே. வெறுந்தேநீரை விடப் பால் தேநீர் குடித்தால் பாதிப்புக் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா? தேநீர் உண்மையில் எவ்வளவு இரும்பைத் தடுக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்களா?

பண்டாரவளை மருந்தாளர்

அளந்திருக்கிறார்கள், தங்கச்சி, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். 1975 இல் தென்னாபிரிக்காவில் டிஸ்லர் குழுவினர் மனிதத் தன்னார்வலரிடம் செய்த ஆய்வு இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று. பாணிலிருந்தும், உருளைக்கிழங்கு வெங்காய ரசத்தோடு உண்ட சோற்றிலிருந்தும், மாத்திரையில் நாம் கொடுக்கும் பெரசு சல்பேற்றிலிருந்தும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேநீர் தடுத்தது. விற்றமின் சீ சேர்த்தபோதும் அந்தத் தடை நீங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் தேநீரில் தேசிக்காய் பிழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். விற்றமின் சீ இரும்பு உறிஞ்சலைக் கூட்டுவது உண்மை. ஆனால் கடுஞ்சாயத் தேநீர் முழுவதையும் அது வென்றுவிடும் என்று எண்ணக்கூடாது.

1999 இல் ஹரல், ரெடி, குக் ஆகியோர் பாண் உணவோடு பல பானங்களை ஒப்பிட்டார்கள். கறுப்புத் தேநீர் இரும்பு உறிஞ்சலை 79 முதல் 94 வீதம் வரை குறைத்தது. கொக்கோ 71 வீதமும் புதினாத் தேநீர் 84 வீதமும் குறைத்தன. ஆகவே மூலிகைத் தேநீர் என்று பெயர் இருந்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். பால் கேள்விக்கும் அதே ஆய்வு பதில் சொல்கிறது: பால் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

மனதுக்கு ஆறுதலான செய்தி 2017 இல் வந்தது. பிரித்தானியாவில் 12 ஆரோக்கியமான பெண்களிடம் இரும்பின் நிலையான சமதானியை (உடலில் அடையாளம் காணக்கூடிய இரும்பு வகையை) பயன்படுத்தி அளந்தபோது, கஞ்சியோடு சேர்த்துத் தேநீர் குடித்தவர்கள் சராசரியாக 3.6 வீத இரும்பை உறிஞ்சினார்கள். ஒரு மணிநேரம் கழித்துத் தேநீர் குடித்தபோது அது 5.7 வீதமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும், தேநீரை விடச் சொல்வதை விடத் தேநீரைத் தள்ளிவைக்கச் சொல்வது நம் மக்களிடம் எடுபடும்.

மருந்தாளர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றைப் புரட்டாது என்று விற்கப்படும், குடலில் கரையும் உறை பூசிய இரும்பு மாத்திரைகளைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில். மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கரைந்தால் வயிறு புரளாது, இரும்பும் சேராது.

கவ்வாத்துக்காரன்

இந்த இரசாயனத்தை நான் பாடசாலையில் படிக்கவில்லை. ஆனால் தேயிலைச் சாறு பட்ட கவ்வாத்துக் கத்தி கருநீலமாகிப் போவதைப் பார்க்காத கவ்வாத்துக்காரன் எவனும் இல்லை. ஆசிரியர் சொல்லும் சேர்வை அதுதான் என்றால் எனக்கு விளங்குகிறது.

விளங்காதது வேறு. எங்கள் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து இந்த மலையில் எல்லோரும் தேநீர்தான் குடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் இரத்தம் குறைந்தவர்களுக்குக் கொக்கிப்புழு என்றுதான் சொன்னார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். இப்போது பழியெல்லாம் தேநீரின் தலையில் விழுகிறது. தேநீரை விட்டுவிடு என்று தேயிலைத் தோட்டத்தில் வந்து சொல்பவர்களை யார் மதிப்பார்கள்? இறைச்சி, மீன், கீரை வாங்கச் சம்பளம் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

பண்டாரவளை மருந்தாளர்

ஐயா சொல்வதில் மறுக்க எதுவுமில்லை. கொக்கிப்புழு குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிப்பதால் இரும்பு வெளியே போகிறது. தேநீர் இரும்பை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. ஏழ்மை உணவில் இரும்பே இல்லாமற் செய்கிறது. மூன்றும் ஒரே உடலில் கூடிவிடுகின்றன. டிஸ்லர் ஆய்வுக் குழுவே, உணவு பெரும்பாலும் தாவர உணவாக இருக்கும் இடத்தில்தான் தேநீர் இரும்புக் குறைபாட்டுக்குத் துணைபோகக்கூடும் என்று எழுதியது. சமைத்த ஹீமோகுளோபினில் (இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் புரதத்தில்) இருந்த இரும்பைத் தேநீர் தடுக்கவில்லை; இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி அந்த வகைதான். இறைச்சியும் மீனும் தட்டில் இருப்பவருக்குத் தேநீர் பெரிய எதிரியில்லை. ரொட்டியும் சம்பலும் மட்டும் இருப்பவருக்கு அது எதிரி. ஆகவே சம்பளக் கேள்வி இந்த உரையாடல் இழைக்கு வெளியே இல்லை.

மஸ்கெலியா மாணவி

சேர் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த நுண்துணிக்கை இரைப்பையின் அமிலத்தில் உடனே கரைகிறது என்றால், அங்கே ஏற்கெனவே தேநீர் இருக்குமே? உறை பானைக்குள் இரும்பைக் காக்கும். வயிற்றுக்குள் திறந்த பிறகு பொலிபீனோலிடமிருந்து யார் காப்பார்?

கொட்டகலை ஆசிரியர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எஜிமா கட்டுரையைத் திரும்பப் படித்தபோது விடை பாதி கிடைத்தது. பெரிக் அயனும் தனிக் அமிலமும் எந்த விகிதத்தில் இணைகின்றன என்பதை ஊடகத்தின் அமிலத்தன்மை தீர்மானிக்கிறது. அமில அளவைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் கூடும்) 2 இற்குக் கீழே, அதாவது வெறும் வயிற்றின் அமிலத்தில், ஓர் இரும்பு அயனோடு ஒரு பீனோல் அலகுதான் தளர்வாகச் சேர்கிறது. பிஎச் 3 இற்கும் 6 இற்கும் இடையில் இரண்டு சேர்கின்றன. 7 ஐத் தாண்டினால் மூன்று அலகுகள் ஓர் அயனைச் சுற்றி இறுக்கிக்கொள்கின்றன. இரைப்பையை விட்டு முன்சிறுகுடலுக்கு இறங்கும்போது அமிலத்தன்மை குறைகிறது. ஆக, இரும்பு உறிஞ்சப்பட வேண்டிய அதே வாசலில்தான் பொலிபீனோலின் பிடி இறுகுகிறது.

இதை வைத்துப் பார்த்தால், உறையிட்ட துணிக்கை தீர்ப்பது சமையலின் பிரச்சினையை. மாவைப் பிசைந்து கல்லில் சுடும்போதும், மாதக் கணக்கில் ஈரக்காற்றுள்ள அறையில் மூட்டை கிடக்கும்போதும், விற்றமின் ஏ அழியாமலும் இரும்பு உணவின் நிறத்தையும் சுவையையும் கெடுக்காமலும் இருக்க அது உதவும். வருடத்தில் பல மாதம் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும் நம் லயங்களில் அதுவும் சிறிய உதவியில்லை. ஆனால் தேநீர்க் கோப்பையை அது வெல்லும் என்று எதிர்பார்க்க எனக்கு இரசாயன ரீதியான காரணம் தெரியவில்லை. அதற்கு நேர இடைவெளிதான் வழி.

சூரிச்சில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரபாயெலே மெட்சென்காவின் குழு 2017 இல் வேறொரு பாதையில் போனது. பாற்புரதத்தை நனோ இழைகளாக மாற்றி, அவற்றின் மேல் இரும்பை நனோதுணிக்கைகளாகப் படியவிட்டார்கள். எலிகளில் நன்கு உறிஞ்சப்பட்டது. அதன் நுட்பம் அழகானது. நமது கடைத்தெருவுக்கு வரும் தூரம் அதிகம்.

நுவரெலியா ஆய்வுகூடம்

நான் குருதிப் பரிசோதனை செய்பவள். எல்லோரும் இரும்பைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள்; யாருக்குக் கொடுப்பது என்பதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருப்பதால் குறுக்கிடுகிறேன்.

உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு. அதை ஈடுசெய்ய உடல் கூடுதலான ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. ஆகவே கொழும்பில் 'போதும்' என்று எண்ணப்படும் அளவு இங்கே போதாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணை கடல்மட்டத்திலிருந்து 1000 மீற்றரில்தான் இந்தத் திருத்தத்தைத் தொடங்கியது. 2024 இல் வெளியான புதிய வழிகாட்டி 500 மீற்றரிலேயே தொடங்குகிறது: 500 முதல் 999 மீற்றர் வரை லீற்றருக்கு 4 கிராம், 1000 முதல் 1499 வரை 8 கிராம், 1500 முதல் 1999 வரை 11 கிராம் என்று எல்லையை உயர்த்த வேண்டும்.

நம் இடங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பொது எல்லை டெசிலீற்றருக்கு 12 கிராம்; அதற்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. லீற்றருக்கு 8 கிராம் என்பது டெசிலீற்றருக்கு 0.8 கிராம். ஹற்றன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது 12.8 ஆகிறது, நுவரெலியா 1868 மீற்றர், இங்கே 13.1. அறிக்கையில் 12.4 என்று அச்சாகி, பக்கத்தில் எந்த நட்சத்திரக் குறியும் இல்லாமல் போகிற பெண் உண்மையில் இரத்தசோகை உள்ளவராக இருக்கக்கூடும்.

கவ்வாத்துக்காரன்

இப்படிக் கணக்கை மாற்றிக்கொண்டே போனால் மலையில் இருக்கிற எல்லோரும் நோயாளிகள் ஆகிவிடுவார்களே, மகள்?

நுவரெலியா ஆய்வுகூடம்

நியாயமான கேள்வி, ஐயா. அதனால்தான் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் என்ற புரதம்; வளர்ந்த ஆரோக்கியமான ஒருவரில் அது லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயரும். அப்போது எல்லையை 70 ஆக வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் பரம்பரை அலகைக் காவுகிறவர்கள் கணிசமாக உண்டு. அவர்களிடமும் செங்குருதிக் கலங்கள் சிறியனவாகவும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஆனால் இரும்பு குறைந்திருக்காது. அவர்களுக்கு வருடக் கணக்கில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை, கெடுதலும் உண்டாகலாம். மாத்திரை பல மாதம் எடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் தேநீரைச் சந்தேகிப்பதோடு நின்றுவிடாமல் இதையும் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பண்டாரவளை மருந்தாளர்

உயரக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. இனி மாத்திரையை எப்போது எடுப்பது என்பது பற்றிச் சொல்கிறேன். சமீபத்திய ஆய்வுகளில் நம் வீடுகளுக்கு மிக அருகில் வருவது இது என்பது என் கருத்து. இதற்கு நனோதுணிக்கை எதுவும் தேவையில்லை.

ஈரலில் ஹெப்சிடின் என்ற சிறிய ஹோர்மோன் சுரக்கிறது. இரும்பு குடற்கலத்திலிருந்து இரத்தத்துக்குள் இறங்கும் கதவை அது மூடிவிடும். 60 மில்லிகிராம் இரும்பைக் காலையில் விழுங்கினால் ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அப்படியே நிற்கும். அதற்குள் விழுங்கும் அடுத்த மாத்திரைக்குக் கதவு அரைவாசி மூடியிருக்கும். இதை வைத்து ஸ்டொஃபெல் தலைமையிலான சுவிற்சர்லாந்துக் குழு 2017 இல் இரும்புச் சேமிப்புக் குறைந்த 40 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழு தினமும் 14 நாள். மற்றக் குழு ஒன்றுவிட்ட நாள்களில் 28 நாள். இரு குழுவினரும் விழுங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். தினமும் எடுத்தவர்கள் மொத்தம் 131 மில்லிகிராம் இரும்பை உறிஞ்சினார்கள். நாள்விட்டு எடுத்தவர்கள் 175 மில்லிகிராம். 2020 இல் இரத்தசோகை உள்ள பெண்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள். ஒரே நாளில் இரண்டு வேளை பிரித்து எடுப்பதால் கூடுதல் பயனில்லை என்றும் காட்டப்பட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த ஆய்வுகளில் கர்ப்பிணிகள் இல்லை. கர்ப்பிணிக்குக் குறுகிய காலத்தில் நிறைய இரும்பு தேவை. நாள்விட்டு எடுத்தால் எடுக்கும் மாத்திரையின் எண்ணிக்கையே பாதியாகிவிடும். ஆகவே கிளினிக்கில் தினமும் எடுக்கச் சொன்னவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுத் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. வயிற்றெரிவு, மலச்சிக்கல் தாங்காமல் மாத்திரையை முற்றாக நிறுத்திவிட்ட கர்ப்பமில்லாத பெண்கள், நாள்விட்டு எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்பது பயனுள்ள கேள்வி. அலுமாரியில் கிடக்கும் மாத்திரை யாருக்கும் இரத்தம் ஊறவைக்காது.

பதுளைத் தாதி

நாளத்தின் வழியே கொடுக்கும் இரும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நனோ மருத்துவம் என்று ஆராய்ச்சி இதழ்களில் பேசப்படுவது, நம் விடுதிகளில் இந்த இரும்புப் போத்தலாக உண்மையாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது. வெறும் இரும்பை இரத்தத்தில் செலுத்தினால் அது நஞ்சு. அதனால் இரும்பு ஒட்சி ஐதரொட்சைட்டுக் கருவைச் சுற்றி மாப்பொருளாலான உறையைப் போர்த்தி, சில நனோமீற்றர் அளவுள்ள துணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள பெருவிழுங்கிக் கலங்கள் அதை விழுங்கி, உறையை உடைத்து, இரும்பைச் சிறிது சிறிதாக விடுகின்றன. குடலைத் தொடாததால் தேநீரும் ஹெப்சிடின் மூடும் குடற்கதவும் குறுக்கே வருவதில்லை.

உறை எவ்வளவு உறுதியோ அவ்வளவு இரும்பை ஒரே தடவையில் கொடுக்கலாம். இந்த நாள இரும்பு மருந்துகளில் ஒன்றான அயன் சுக்குரோசை வழக்கமாக 200 மில்லிகிராம் வீதம் பல தடவை கொடுக்கிறோம். இன்னொன்றான பெரிக் காபொக்சிமோல்ற்றோசில் 1000 மில்லிகிராமை 15 நிமிடத்தில் கொடுத்துவிடலாம். ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏறி வருகிற தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஆனால் இதையும் சர்வரோக நிவாரணி ஆக்கிவிட வேண்டாம். காபொக்சிமோல்ற்றோஸ் சிலரில் சிறுநீர் வழியாகப் பொசுபேற்றை இழக்கச் செய்கிறது. 2020 இல் வெளியான இரு பரிசோதனைகளில் அதை எடுத்தவர்களில் ஏறத்தாழ 75 வீதமானோருக்கு இரத்தப் பொசுபேற்று குறைந்தது. பெரிக் டெரிஐசோமோல்ற்றோஸ் என்ற வேறொரு நாள இரும்பு எடுத்தவர்களில் அது 8 வீதம் மட்டுமே. மலாவியில் 862 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2023 இல் 'லான்செற்' இதழில் வெளியான ஆய்வில், 36 ஆவது வாரத்தில் இரத்தசோகை இருந்தவர்கள் நாள இரும்புக் குழுவில் 52 வீதம், மாத்திரைக் குழுவில் 57 வீதம்; அந்த வித்தியாசம் புள்ளிவிபர ரீதியில் உறுதியானதாக இல்லை. மலேரியா உள்ள நாட்டின் முடிவை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும், இரும்பு நேரே இரத்தத்துக்குப் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அது அசைக்கிறது. முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் இதைக் கொடுப்பதில்லை; எந்தக் காலத்திலும் கண்காணிப்பு உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கொட்டகலை ஆசிரியர்

நான் துணிக்கையில் தொடங்கினேன். நீங்கள் மணிக்கூட்டிலும் இரத்தப் பரிசோதனையிலும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாடசாலை அறிவித்தற் பலகையில் உயர்தர மாணவிகளுக்காக ஒரு குறிப்பு ஒட்ட எண்ணியிருக்கிறேன்: மாத்திரையைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், தேநீரை முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணிநேரம் தள்ளிவைக்க வேண்டும் என்ற அளவில். வேறென்ன சேர்க்கலாம்?

மஸ்கெலியா மாணவி

கல்சியம் மாத்திரையையும் சேருங்கள், சேர். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கர்ப்பமாக இருக்கிறார். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு, கல்சியம், விற்றமின் சீ மூன்றையும் மறக்காமல் இருக்க ஒரே தடவையில் விழுங்குகிறார். அது சரியா?

பண்டாரவளை மருந்தாளர்

விற்றமின் சீயை இரும்போடு சேர்த்து எடுக்கலாம், நல்லது. கல்சியம் இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் அதை வேறு வேளைக்கு மாற்ற வேண்டும். பகல் சாப்பாட்டோடு கல்சியம், இரவு படுக்கப் போகுமுன் இரும்பும் விற்றமின் சீயும் என்று பிரித்தால், மலையில் நிற்கும் நேரத்துத் தேநீரும் குறுக்கே வராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய தேநீரை மட்டும் முன்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். அடுத்த முறை குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்கு வரும்போது, அந்த அக்காவின் கிளினிக் அட்டையில் வேளைகளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நுவரெலியா ஆய்வுகூடம்

அட்டையில் ஹீமோகுளோபின் எண்ணுக்குப் பக்கத்தில் தோட்டத்தின் உயரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். மஸ்கெலியாவில் தோட்டங்கள் ஒரே உயரத்தில் இல்லை. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையிலேயே எல்லை மாறக்கூடும். அக்கா முதல் மூன்று மாதத்தில் இருந்தால் பொது எல்லை 11 கிராம். 1500 மீற்றருக்கு மேலுள்ள பிரிவென்றால் 12.1 ஆகக் கொள்ள வேண்டும்.